பில் பாஸ் ஆவதற்கு முன் கேளுங்கள்

உள்ளாட்சிப் பணம், பணிகள், திட்டமிடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. அதன் பிறகு 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலும், 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலும் நடந்தன. நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வேலை முடிந்து, பில் பாஸ் ஆகி, மாதக்கணக்கான பிறகு எழுதப்பட்டவை. அப்போது கேட்டால் பதில் மட்டும்தான் வரும். திருத்தம் வர வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். இந்த இதழில் எந்தக் காகிதத்தை எந்தக் கட்டத்தில் கேட்பது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். பிறகு பார்த்தால், நாங்கள் காதால்கூடக் கேட்காத ஒரு தீர்மானத்துக்குக் கிராம சபையில் ஒப்புக்கொண்டதாக இருக்கிறது. இதை எப்படித் தடுப்பது?
– மகளிர் குழு உறுப்பினர், கே.வி.குப்பம் ஒன்றியம்

இப்படிச் செய்வதற்குக் காரணம் குறைவெண். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். காலை 11 மணிக்கு முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் 200 கையெழுத்து வேண்டுமென்றால் நோட்டு ஊரைச் சுற்றத்தானே செய்யும்?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை உண்டு. ஏழு நாள் முன்பே இடம், நேரம், பொருள்நிரல் தெரிவிக்கப்பட வேண்டும். அந்த அறிவிப்பை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியவுடன் போட்டோ எடுத்து வையுங்கள். பொருள்நிரலில் இல்லாத ஒன்று பிறகு தீர்மானமாக முளைத்தால் காட்டுவதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான்.

உங்கள் கோரிக்கையை வாயால் சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே மனுவாக எழுதி ஊராட்சி செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தில் ஒவ்வொரு பொருளும் முடிந்ததும், “செயலர் சார், இப்போ எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க” என்று கேளுங்கள். இதில் சண்டைக்கு இடமில்லை. தீர்மானத்தைப் படித்துக் காட்டுவதுதான் முறை. கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டு, தலைவர் கையெழுத்திட்ட பிறகு நீங்கள் கையெழுத்திடுங்கள். கோட்டுக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தால் அங்கேதான் பின்னால் ஒரு வரி சேரும். குறுக்கே கோடிழுக்கச் சொல்லி, பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும் இடத்துக்கு நோட்டு வந்தால், வருகைப் பதிவேடா தீர்மானப் புத்தகமா என்று முதலில் அட்டையைப் பாருங்கள். தீர்மானப் புத்தகம் என்றால் கையெழுத்துப் போடக் கூடாது. ஒருவராக மறுத்தால் வேலை அட்டையைக் காட்டி மிரட்டுவார்கள். குழுவாகச் சேர்ந்து மறுங்கள்.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் “ஊராட்சியில் பணமே இல்லை” என்கிறார் தலைவர். ஆனால் நிதி வந்ததாகப் பேப்பரில் படிக்கிறோம். எது உண்மை?
– கல்லூரி மாணவர், பேரணாம்பட்டு ஒன்றியம்

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஊராட்சிக்கு வரும் பணம் எல்லாம் ஒரே பையில் விழுவதில்லை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை சொந்த வருவாய். மாநில நிதி ஆணையம் தருவது இன்னொன்று. மத்திய நிதி ஆணைய மானியம் மூன்றாவது.

15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி, அதாவது குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே செலவிட வேண்டியது. ஓர் ஊராட்சிக்கு 10 லட்சம் வந்தது என்று வைத்துக்கொண்டால், 3 லட்சம் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்புப் பணிகளுக்கும், 3 லட்சம் துப்புரவுக்கும் மட்டுமே போக வேண்டும். மீதி 4 லட்சம் ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் அதில் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆகவே அந்த 4 லட்சம் தீர்ந்துவிட்டால், கணக்கில் லட்சக்கணக்கில் இருந்தும் விளக்கு வாங்கக் காசில்லை என்பது நடக்கக்கூடியதே. நடக்கக்கூடியது என்பதால் உங்கள் ஊரில் அப்படித்தான் நடக்கிறது என்று ஆகிவிடாது. சரிபார்க்க வழி இருக்கிறது.

மத்திய அரசின் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு என வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் வரவும் செலவும் வவுச்சர் வாரியாகத் தெரியும். ஒவ்வொரு செலவுக்கும் நேரே எந்தத் திட்டம், யாருக்கு, எவ்வளவு என்று இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு, அதே வேலைகள் ஊரில் இருக்கின்றனவா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். ஒரே மோட்டார் பழுதுபார்ப்பு மூன்று மாத இடைவெளியில் மூன்று முறை வந்திருந்தால், பம்ப் ஆபரேட்டரைக் கேட்டாலே விவரம் தெரிந்துவிடும்.

வீட்டு வரி நிலுவை எவ்வளவு என்றும் கேளுங்கள். தெருவிளக்குக்குப் பணம் வருவது பெரும்பாலும் சொந்த வருவாயிலிருந்துதான். வசூலே ஆகாத ஊரில் விளக்கு எரியாததற்குத் தலைவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

எங்கள் தெருவில் சிமென்ட் சாலை போடப் போகிறார்கள். போன முறை போட்டது ஒரே வருடத்தில் ஜல்லி பெயர்ந்துவிட்டது. இந்த முறை எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், குடியாத்தம்

வேலைக்கு முன்பே எழுதியதற்கு நன்றி. விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் காகிதம். எந்த வேலைக்கும் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், பில் என்று ஒரு வரிசை உண்டு. எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தில் இன்ஜினியர் எழுதும் நீள, அகல, கனத்துக்குத்தான் பணம் போகும். எனவே உங்கள் கண்காணிப்பு எம்-புக்கில் எழுதுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

மதிப்பீட்டில் மூன்று எண்கள் முக்கியம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் கான்கிரீட் 45 கன மீட்டர். எம்-20 என்ற கான்கிரீட் தரத்தில் சிமென்ட், மணல், ஜல்லியை 1 : 1½ : 3 என்று தளத்திலேயே கலந்தால் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட், ஆக 360 மூட்டை. ரெடிமிக்ஸ் என்றால் 6 கன மீட்டர் வண்டி ஏழரை நடை வர வேண்டும். அதன் சிமென்ட் அளவு கலவை வடிவமைப்பைப் பொறுத்தது என்பதால் அங்கே மூட்டை எண்ண வேண்டாம், நடையை எண்ணுங்கள். கனத்தில் இரண்டரை சென்டிமீட்டர் குறைத்தால் 7.5 கன மீட்டர் மிச்சம். ஆறில் ஒரு பங்கு கான்கிரீட் போடாமலே பணம் வாங்கிவிடலாம். பெரும்பாலும் கை வைக்கும் இடம் இதுதான்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சாலை ஓரத்தில் அடிக்கும் ஷட்டரிங் தகடு சரியாக 15 சென்டிமீட்டர் இருக்கும். ஓரத்தில் அளந்து பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாந்துபோவோம், ஏனெனில் அடியில் கொட்டும் கிராவல் நடுவில் மேடாக இருக்கும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், இந்தப் பக்கத் தகட்டின் மேல்விளிம்பிலிருந்து அந்தப் பக்க விளிம்புக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூலிலிருந்து தரை வரை டேப்பை இறக்குங்கள். 15 வர வேண்டும். 11, 12 என்று வந்தால் அங்கேயே நிறுத்தி, கிராவலைச் சுரண்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஓரத்துக்கு ஓட நடுச்சாலை மேலே சற்று உயர்ந்திருக்கும் என்பது உண்மைதான். அந்த உயரம் நூலுக்கு மேலே வருவது. நூலுக்குக் கீழே குறைவதற்கு அதைக் காரணமாகச் சொன்னால் ஏற்காதீர்கள். நான்கைந்து இடங்களில் இப்படி அளந்து, டேப்பின் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள்.

பழைய சாலையின் மேலேயே புதிதாகப் போட்டால் வீட்டு வாசல் பள்ளமாகி, மழைத் தண்ணீர் உள்ளே வரும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்து, அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறார். மதிப்பீட்டில் சுரண்டுவதற்குத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் செய்யாவிட்டால் அது தனி முறைகேடு.

கலவையில் தண்ணீர் கூடுதலாக இருந்தால் வேலையாட்களுக்குப் பரப்புவது சுலபம், சாலைக்கோ ஆயுள் குறைவு. ஜல்லி ஒரு பக்கம், சிமென்ட் பால் ஒரு பக்கமாகப் பிரிந்து ஓடினால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். எம்-சாண்டுக்குப் பதில் கிரஷர் தூசி கலக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் போட்டுக் கலக்கிச் சற்று நேரம் விட்டால், தூசி என்றால் மேலே தடித்த சேறு படிந்து நிற்கும். வைப்ரேட்டர் ஓடாமல் மட்டக்கோலால் மட்டும் இழுத்துவிட்டால் உள்ளே பொந்து விழும்.

ஊற்றிய மறுநாளுக்குள் நான்கு மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, மெஷின் வைத்து அறுக்க வேண்டும். அறுக்காவிட்டால் சாலை தானே கோணல்மாணலாக வெடித்துக்கொள்ளும். நீராற்றுதல், அதாவது கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைத்திருப்பது, குறைந்தது 14 நாள். நம் பக்கத்து வெயிலுக்கு, அதுவும் சித்திரை வைகாசியில், காலையும் மாலையும் ஹோஸ் பிடித்தால் போதாது. களிமண் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரச் சாக்கு போட வேண்டும். போன முறை ஒரே வருடத்தில் ஜல்லி பெயர்ந்தது என்கிறீர்கள். மேல்தோல் காய்ந்து தூளாகிப் பெயர்வது பெரும்பாலும் தண்ணீர் அதிகமான கலவையும் நீராற்றாத முதல் வாரமும் சேர்ந்து செய்யும் வேலை. கனரக வண்டிகளை 28 நாள் விடக் கூடாது. இது தெருக்காரர்கள் கையில் இருக்கிறது.

கான்கிரீட் ஊற்றும்போதே 15 சென்டிமீட்டர் கன சதுரங்கள் வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்த்த சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். குறை கண்டால் மேஸ்திரியிடம் வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே நகராட்சி ஆணையருக்கும் பொறியாளருக்கும், ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.வுக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும், போட்டோவுடன் எழுத்தில் கொடுத்து, “மேற்படி பணியை அளந்து சரிபார்க்காமல் பட்டியல் தொகை வழங்க வேண்டாம்” என்று முடியுங்கள். இந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், பிறகு பில்லில் கையெழுத்திடுபவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பழைய சாலைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும். அது முடியும்வரை ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகை அலுவலகத்திலேயே இருக்கும். அந்தக் காலம் முடியவில்லை என்றால் அவர் செலவிலேயே சரிசெய்ய வைக்கலாம். கெடு எப்போது முடிகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். “தாங்கள் கோரிய தகவல் கேள்வி வடிவில் உள்ளது” என்று திருப்பிவிட்டார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அணைக்கட்டு

“ஏன் செய்யவில்லை?” என்று கேட்டால் அப்படித்தான் திரும்பும். காரணத்தைக் கேட்காமல் ஆவணத்தைக் கேளுங்கள். “2023–24 நிதியாண்டில் இன்ன தெரு சாலைப் பணிக்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்” என்று எழுதினால் தட்டிக்கழிக்க இடமில்லை. ஒரு மனுவில் ஒரு வேலை. பத்து வேலையைச் சேர்த்துக் கேட்டால் அலுவலகத்துக்கே சாக்கு கிடைக்கும்.

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இன்னொன்றைப் பலர் பயன்படுத்துவதில்லை. நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும், நடக்கும் வேலையிலிருந்து பொருள் மாதிரி எடுக்கவும் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் உரிமை உண்டு. முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் கிடையாது.

மாநகராட்சி பட்ஜெட்டை வாங்கினேன். எங்கிருந்து படிப்பது என்றே தெரியவில்லை. எண்கள் மட்டும்தான்.
– வாசகர், சத்துவாச்சாரி

வேலூர் நகராட்சி 2008 ஆகஸ்ட்டில் மாநகராட்சியானது. சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி, சேண்பாக்கம் எல்லாம் பின்னர் இதில் சேர்ந்து 60 வார்டுகளாகின. பட்ஜெட் புத்தகம் தடிமனாகத்தான் இருக்கும். ஆனால் அது மூன்று தனித்தனி நிதிகள்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தத் தொகையைப் பார்த்து உபரி பட்ஜெட் என்று மகிழ்வதோ பற்றாக்குறை என்று பதறுவதோ பயனில்லை.

ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே பல கட்டங்கள் இருக்கும். முடிந்துபோன ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டின் மதிப்பீடு. கூட்டத்தில் வாசிப்பது கடைசிக் கட்டம். நீங்கள் முதல் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். மழைநீர் வடிகாலுக்கு அடுத்த ஆண்டு 5 கோடி என்று போட்டு, முடிந்துபோன ஆண்டின் உண்மைச் செலவு 60 லட்சம்தான் என்றிருந்தால், அந்த 5 கோடியை நம்பக் காரணமில்லை. “இந்தத் தொகை எந்த மானியத்திலிருந்து வரும், அதற்கான அரசாணை எது?” என்று உங்கள் கவுன்சிலர் கேட்க வேண்டிய கேள்வி அங்கே பிறக்கிறது.

அடுத்து, கேட்பு–வசூல்–நிலுவைப் பட்டியல். கேட்பு என்றால் வசூலாக வேண்டிய வரித் தொகை. சொத்து வரியில் 80 விழுக்காடு வசூல் என்று சொன்னால், அது நடப்புக் கேட்புக்கு மட்டுமா, நிலுவையையும் சேர்த்தா என்று பாருங்கள். நடப்புக் கேட்பு 20 கோடியில் 16 கோடி வசூல், பழைய நிலுவை 15 கோடியில் 3 கோடி வசூல் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 35இல் 19. அதாவது 54 விழுக்காடு. இரண்டு எண்ணும் பொய்யில்லை, ஆனால் ஊரின் நிலைமையைச் சொல்வது இரண்டாவதுதான். நிலுவையில் முதல் நூறு பேர் பட்டியலைக் கேட்டால் பெரும்பாலும் வணிகக் கட்டடங்களும் அரசுக் கட்டடங்களும் வரும். சிறு வீட்டுக்காரர் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டி 5 விழுக்காடு ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டிருப்பார்.

குடிநீர் நிதியில் வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை அவசியம் பாருங்கள். பாலாறு வறண்டுபோன இந்த ஊருக்கு மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. அவ்வளவு தூரத்துத் தண்ணீருக்குக் குடிநீர் வாரியத்துக்குக் கட்டணம், மின்சாரம், குழாய் பராமரிப்பு எல்லாம் உண்டு. குடிநீர்க் கட்டணம் அதற்கு ஈடாகவில்லை என்றால் வருவாய் நிதியிலிருந்து கடன் வாங்குவார்கள். அந்தக் கடன் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்பதில்தான் சாலைக்கும் விளக்குக்கும் ஏன் பணமில்லை என்பதற்கான விடை இருக்கும். சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் 10 விழுக்காடு நூலக வரி, நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டிய பணம். அது செலுத்த வேண்டியவை என்ற தலைப்பில் குவிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றையெல்லாம் மார்ச்சில் பட்ஜெட் வாசித்த பிறகு கேட்பதைவிட, ஜனவரியில் உங்கள் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் கொடுப்பது பலன் தரும். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் அறிக்கையில் உள்ள தடைப் பத்திகளையும் (செலவுக்குத் தணிக்கையாளர் தெரிவித்த ஆட்சேபங்கள்) கூடவே கேட்டு வாங்குங்கள். ஒரே தடை மூன்று ஆண்டாகத் தொடர்ந்தால் அதைத்தான் முதலில் எழுப்ப வேண்டும்.

நகரத்தில் கிராம சபை மாதிரி ஒன்றும் இல்லையா?
– வாசகி, காட்பாடி

இருக்கிறது. 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பகுதி சபை. அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் அதில் உறுப்பினர். பகுதி சபை எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எழுதுகிறார்களா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். எழுத்தில் பதியாத பேச்சு மன்றத்துக்குப் போகாது.

தொட்டியில் குளோரின் போடுவதே இல்லை என்று சந்தேகம். எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், கணியம்பாடி ஒன்றியம்

தெருவின் கடைசிக் குழாயில் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் அங்கே இருக்க வேண்டும். ஊராட்சிக்குக் கொடுத்திருக்கும் சிறு சோதனைப் பெட்டியில் சில சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். நிறமே வராவிட்டால் குளோரின் இல்லை.

அளவு: 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பக்கெட்டில் கரைத்து, தெளிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து வால்வைத் திறக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கொட்டினால் குழாயில் படியும். பல ஊர்களில் பவுடர் போடுகிறார்கள், ஆனால் பலன் இருக்காது. மூட்டையைத் திறந்து மாதக்கணக்கில் மோட்டார் ரூமில் வைத்தால் வீரியம் போய்விடும். மூட்டை வாங்கிய தேதியைக் கேளுங்கள். தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவ வேண்டும், தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தால் அதைக் குளோரின் நீக்காது. அதற்குக் குடிநீர் வாரிய ஆய்வகச் சோதனை வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் வளர்ச்சித் திட்டத்தில் சிமென்ட் சாலைதான் இடம்பெறுகிறது. ஏரிக்கு வரும் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. அதைச் சேர்க்க வழி?
– விவசாயி, குடியாத்தம் ஒன்றியம்

முதலில் ஏரி யாருடையது என்று தெரிய வேண்டும். ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊரின் சிறு குளம், குட்டை ஊராட்சியுடையது. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ஆறு மாதம் சுற்றிவிட்டு உங்களிடமே திரும்பி வரும்.

அடுத்து, கால்வாயின் புல எண், நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டின் நகல், புலப்படம் மூன்றையும் வருவாய்த் துறையில் எடுங்கள். புலப்படத்தில் கால்வாயின் அகலம் அளவோடு இருக்கும். தரையில் அகலம் குறைந்திருந்தால் அது தூர்வாரும் வேலை மட்டுமல்ல, ஆக்கிரமிப்பு அளவீடும்கூட. அதைத் தனி மனுவாகத் தாசில்தாரிடம் கொடுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டும் நின்றுவிடும்.

அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2 கிராம சபையில் தொடங்கும். மே மாதத்தில் ஏரி வறண்டிருக்கும்போது கேட்டால் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார்கள். அக்டோபரில், கால்வாயின் நீளம், அகலம், எத்தனை கிணறுகளுக்கு ஊற்று கிடைக்கும் என்ற கணக்கோடு போங்கள். கணியம்பாடி பக்கம் நாகநதிப் படுகையில் நூறு நாள் வேலையில் பெண்களே மீள்நிரப்புக் கிணறுகளும் கல் தடுப்புகளும் அமைத்திருக்கிறார்கள். உங்கள் ஒன்றியப் பொறியாளரிடம் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

சாலையைவிடக் கால்வாய் முக்கியம் என்பதே நம் கருத்து. சாலையை எந்த ஆண்டும் போடலாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்காக 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டிவந்த பகுதி இது. எஞ்சியிருக்கும் ஏரிகளைக் காத்துக்கொள்வதில் தாமதம் கூடாது.

எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தை மனையாக்கி விற்கப் பார்க்கிறார்கள்.
– குடியிருப்போர், காட்பாடி – திருவலம் சாலை

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 4 ஏக்கர் மனைப்பிரிவு சுமார் 16,190 சதுர மீட்டர். சாலைக்கு 4,000 போனால் மீதியில் 10 விழுக்காடு ஏறக்குறைய 1,219 சதுர மீட்டர், அதாவது 30 சென்ட்.

நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் எண்ணைக் கொண்டு வரைபட நகல் வாங்குங்கள். அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டா மாறியிருக்காது. பழைய உரிமையாளர் பெயரிலேயே பட்டா இருப்பதால் துணிந்து விற்கிறார்கள். உள்ளாட்சியின் பெயருக்குப் பட்டா மாற்றக் கோரித் தாசில்தாருக்கும், ஒப்புதல் வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் இணைத்துச் சார்பதிவாளருக்கும் உடனே எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கலெக்டர் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இடத்தைச் சுற்றி வேலி போடும் செலவை அந்த ஆண்டுத் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

நான் வார்டு மெம்பர். கூட்டத்தில் என்னை எதுவும் கேட்க விடுவதில்லை. “கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா” என்கிறார்கள்.
– பெண் உறுப்பினர், வேலூர் மாவட்டம்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது யாரும் தந்த சலுகையில்லை. நிர்வாகம் பற்றிக் கேள்வி கேட்பதும் தீர்மானம் கொண்டுவருவதும் உறுப்பினரின் உரிமை. தலைவரின் கணவரோ உறவினரோ கூட்டத்தில் உட்கார்ந்து பேசினால், “ஐயா, நீங்க உறுப்பினர் இல்லை, பதிவில் உங்க பேரு வராது. தலைவரம்மா பதில் சொல்லட்டும்” என்று மரியாதையோடு சொல்லுங்கள்.

கேள்வியைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். செலவுத் தீர்மானத்தில் உடன்பாடு இல்லையென்றால், கையெழுத்துக்கு மேலே “இத்தீர்மானத்துக்கு என் மறுப்பைத் தெரிவிக்கிறேன்” என்று காரணத்தோடு உங்கள் கையாலேயே எழுதுங்கள். எழுத விடாவிட்டால் கையெழுத்திடாமல் வந்து, அன்றைக்கே அதே மறுப்பைப் பி.டி.ஓ.வுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் தணிக்கைத் தடை வந்து பொறுப்பு யாருக்கு என்று கேட்கும்போது, ஒப்புக்கொண்டவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது.